பொய்க்காலின் செருப்பு

கிளிநொச்சியில் ஆய்வுக்கென வாடகைக்கு எடுத்த அறை. மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றி அனுப்புகிறது. வாசலில் அமராவதி நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றுகிறார். வலது காலிலிருந்து ஒன்று, இடது முழங்காலுக்குக் கீழே பூட்டிய பொய்க்காலிலிருந்து மற்றது. “போட்டுக்கொண்டே வாங்கோ அம்மா,” என்கிறார் நரம்பியல் ஆய்வாளர் தயாளினி. “உள்ளுக்க செருப்போடயோ? சீ.” இன்றைக்கு இவர் பதினேழாவது ஆள். வலிச் செய்தியைக் காவிச் செல்லும் நுண்புரதங்கள் நரம்பில் அதை ஏற்கும் எந்த வாங்கியில் போய் ஒட்டுகின்றன என்று தயாளினி நாலு வருடமாகத் தேடுகிறார். கண் எரிகிறது. எடுத்த இரத்தத்தை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படிவத்தை இழுக்கிறார். “எங்க நோகுது?” “இடது பெருவிரல். செருப்பு வார் இறுக்கிற மாதிரி.” “பூச்சியத்திலயிருந்து பத்து வரைக்கும் எவ்வளவு எண்டு சொல்லுங்கோ.” அமராவதி அவருடைய முகத்தையே பார்க்கிறார். “காலமையிலயிருந்து இருக்கிறியள், களைச்சுப் போனியள். மூண்டெண்டு போடுங்கோ பிள்ளை.” தயாளினி மூன்று என்று எழுதுகிறார்.

அமராவதி வாசற்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டுகிறார். வலது கால் உடனே நுழைகிறது. இடது செருப்பின் வாரை ஒரு துளை தளர்த்திப் பொய்க்காலில் பூட்டுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றுகிறார். இன்னொரு துளை தளர்த்துகிறார். கடைசித் துளையும் முடிந்த பிறகு, அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடக்கிறார். தயாளினி மூன்றை வெட்டுகிறார். பேனை அந்த இடத்திலேயே நிற்கிறது.