தோல் வண்டி

“ஏறு புள்ள. தோலுக்கு அந்தாண்ட தள்ளிக் குந்து.”

பீர் முகமது பாய் அதட்டியதும் மீனம்பாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜட்கா வண்டி நிறைய ஆட்டுத் தோல். குடலைப் பிடுங்கும் நாற்றம்.

செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் இன்று எஸ்.எஸ்.எல்.சி. கடைசிப் பரிட்சை, கணக்கு. சிங்கவரத்திலிருந்து மகளைக் கொண்டுபோய் விடத்தான் அம்மா ரத்தினம்மாள் இந்த வண்டியைப் பேசியிருந்தாள். இன்றைக்குப் போய் மனுஷன் தோல் ஏற்றுவாரா?

“பாய், இந்த நாத்தத்தோட எப்படிப் பரிட்சை எழுதுறது?”

“பொட்டப் புள்ளைக்கு இன்னா பரிட்சை? வர்றதுன்னா வா, இல்லன்னா நடந்து போ.”

வேறு வழியில்லாமல் ஏறினாள். பின்பக்கம் கிழிந்த சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டார் பாய்.

“இதை வுடாம இழுத்துப் புடி. வெயிலு பட்டா தோலு கெட்டுப்பூடும்.”

தோல் மேல் இருக்கிற அக்கறை பெற்ற பிள்ளை மாதிரி இருக்கிறவள் மேல் இல்லையே! கல்நெஞ்சக்காரர் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

நாற்றத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. தாய்மாமன் ராஜாங்கம் நேற்றுத் தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போயிருந்தான். “நாளைக்கு அவ பரிட்சைக்குப் போவட்டும், வழியில எறக்கித் தாலி கட்டுறேனா இல்லையா பாரு!”

எந்த இடத்தில் மடக்குவானோ?

கோட்டை தெரியும் திருப்பத்தில் வண்டி சட்டென்று நின்றது.

“இன்னா பாய், எங்க அக்கா மவ உள்ளாற இருக்குதா?”

ராஜாங்கமேதான்! சாக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

“இந்த நாத்தத்துல எவ வருவா? தோலு ஏத்தினு மண்டிக்குப் போறேன். சந்தேகம்னா சாக்கைத் தூக்கிப் பாத்துக்க.”

காலடிச் சத்தம் பின்பக்கம் வந்தது. சாக்கின் ஓரம் அசைந்தது. மீனம்பாள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“த்தூ! ஓட்டினு போயா முதல்ல!”

வண்டி கிளம்பியது. தப்பித்தோம்! நல்ல வேளையாக இன்றைக்கென்று பார்த்துத் தோல் ஏற்றினாரே என்று உயிர் வந்தது அவளுக்கு.

பள்ளிக்கூட வாசலில் குதித்து இறங்கியபோது முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. பாய் குதிரையை மண்டிப் பக்கம் ஓட்டவில்லை. எதிரிலிருந்த புளியமரத்தடியில் அவிழ்த்துக் கட்டினார்.

“மண்டிக்குப் போவல பாய்?”

“வெள்ளிக்கிழமை எவன் மண்டியைத் தொறக்கிறான்?” எரிந்து விழுந்தார் பாய். “மசமசன்னு நிக்காம போயிக் கணக்கை ஒழுங்காப் போடு. சாயந்தரம் திரும்பிப் போவவும் இந்தத் தோலு வேணும்.”