ஞாயிற்றுக்கிழமை காவல்

ஃபிஜித் தலைநகர் சுவாவுக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்குச் சட்டை தைக்கும் வரிவிலக்குத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் நான் காவலாளி. என்னைத் தாண்டி ஒரு நூல்கண்டுகூட வெளியே போகாது என்று எனக்கு நானே பட்டம் கொடுத்திருந்தேன்.

"அபோரோசா அண்ணே, மிச்சம் வெச்ச மரவள்ளிக்கிழங்கைக்கூடப் பிட்டுப் பாக்குறீங்களே! உள்ள பொத்தானையா ஒளிச்சு வெச்சிருக்கேன்?" என்பாள், வேலை முடிந்து போகும் விலிமைனா. அவள் தையலை நம்பி வீட்டில் ஐந்து வயிறு.

"சட்டம்னா சட்டம்தான் தங்கச்சி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே தேவாலயத்தில் இருந்தபோது, முதலாளி கண்டெய்னர் லாரிகளோடு வந்தார். அவசர ஏற்றுமதியாம். நான் கதவை அகலத் திறந்தேன். சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்பிய வண்டிகளுக்காகச் சாலையில் போக்குவரத்தை நிறுத்தி, சல்யூட்டும் அடித்தேன்.

"உன்னை மாதிரி ஆள் கிடைக்கமாட்டான்ப்பா" என்று முதலாளி என் கையைக் குலுக்கினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

திங்கள் காலை, உள்ளே ஒரு தையல் இயந்திரம்கூட இல்லை. கூலி இன்னும் மலிவான நாட்டுக்குத் தொழிற்சாலையே கப்பலேறிவிட்டது.

வெறும் தரையைப் பார்த்தபடி விலிமைனா கேட்டாள்: "முதலாளியச் சோதிச்சுத்தானே அண்ணே வெளிய விட்டீங்க?"

"நல்லாப் பாத்தேன் தங்கச்சி. வெறுங்கையோடதான் போனாரு."