நாக்கு மடங்காத எழுத்து

“ஓடறதுக்கு உங்கப்பன் ஒத்துக்கிட்டாரா புள்ள?” என்று டிரில் வாத்தியார் அற்புதராஜ் ஒருநாள் கேட்டபோது கெம்பம்மா தலையை ஆட்டினாள். அது முழுப்பொய் அல்ல. அவள் வீட்டில் பேசுவது கன்னடம். அதில் ஓதுவது என்றால் படிப்பது. பள்ளி விட்டதும் ஓடுவதற்கு நிற்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லும்போது பயத்தில் நாக்கு மடங்காமல் ‘ட’ ‘த’வாக விழுந்துவிட்டது. “ஓதம்மா, சென்னாகி ஓது”, நன்றாகப் படி என்று அப்பா திம்மப்பன் மகிழ்ந்துபோனார். அவள் திருத்தவில்லை. இப்போது வெயில் சாய்கிறது. சடுகுடு முடித்த பையன்கள் முதுகில் ஒட்டிய மண்ணோடு சுண்ணாம்புக் கோட்டின் ஓரம் நெருக்கி நிற்கிறார்கள். “கொக்குக்காலு, பறந்துறாதடி!” என்கிறான் ஒருவன். அவள் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருக்கிறாள். இந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் சேலத்தில் ஜில்லாப் போட்டி. விசில் ஊதுகிறது, புழுதி எழுகிறது, எல்லைக் கயிறு முதலில் அவள் மார்பில்தான் படுகிறது. மூச்சு வாங்கியபடி நிமிர்கிறாள். கெலமங்கலம் சந்தையிலிருந்து திரும்பும் திம்மப்பன் காலிக்கூடையோடு வேலியருகே நிற்கிறார். அவர் கண் அவளுடைய முழங்காலில் நிற்கிறது. அவசரமாகச் செருகலை இழுத்து அவிழ்க்கிறாள். “வாங்கய்யா! உங்க பொண்ணு சேலத்துக்கே போறா!” என்கிறார் வாத்தியார். திம்மப்பன் மரத்தடிக்குப் போகிறார். வரிசையாகக் கிடக்கும் பைகளில் அவள் ஓதுவதற்கென்று தான் தைத்துக் கொடுத்த கோணிப்பையை எடுக்கிறார். புத்தகங்கள் சரியாமல் அதைக் கூடைக்குள் பதமாக வைத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவளை அழைக்காமல் வீட்டுப் பக்கம் நடக்கிறார்.