கடைசியாகக் கிளம்பியவர்

வெந்நீர் வாளிக்குள் காலை வைத்ததும் கொத்தனாரின் முகம் கோணியது. தண்ணீர் மெல்லச் சிவந்தது.

"இந்தக் காலோட எப்படிங்க நடந்தீங்க?" விடுதிக்கார அம்மா பஞ்சோடு தரையில் உட்கார்ந்தாள். மலைக்கோயிலுக்கு நடைப்பயணம் வருகிறவர்களுக்கு இருபது வருஷமாகக் கட்டிலும் சாப்பாடும் கொடுக்கிறவள். கொப்புளத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவாள். "யாருக்கு வேண்டுதல்?"

"பொண்டாட்டிக்கும்மா. ரெண்டு கிட்னியும் போச்சுன்னு டாக்டர் கைவிரிச்சிட்டாரு. தம்பி பொறுப்புல விட்டுட்டு, நடந்தே வர்றேன்னு சாமிகிட்ட சொல்லிக் கிளம்பினேன்."

"இப்படி நடந்தவங்கள சாமி கைவிட்டதில்ல. பாருங்க, எழுந்து உக்காந்துடுவாங்க."

அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு புருஷனும் மனைவியும் மறுநாள் ஏற்றத்தை நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். "பாலம் தாண்டினதும் இடப்பக்கம் ஏறாதீங்க, மண்ணு சரிஞ்சு கெடக்கு" என்றார் கொத்தனார்.

"அடேயப்பா, பழம் தின்னு கொட்டை போட்டவரு போல! எத்தனாவது தடவைங்க?"

"மொதத் தடவைதான்."

சாப்பாட்டு மணி அடித்தது. பேச்சு அதோடு நின்றது.

காலையில் எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வலப்பக்கம் திரும்பி நடந்தார்கள். கடைசியாக வந்த கொத்தனார், கட்டுப் போட்ட காலைச் செருப்புக்குள் பல்லைக் கடித்து நுழைத்து, இடப்பக்கம் திரும்பினார்.

"ஐயா! கோயிலு இந்தப் பக்கம்!"

"தெரியும்மா. அங்கேருந்துதான் வர்றேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப வேண்டுதல் முடிஞ்சுதா! வீட்டுல எப்படி இருக்காங்களாம்?"

"மலை பூரா டவர் இல்ல. கோயில் வாசலுக்குப் போனப்பதான் தம்பி போன் வந்துச்சு. அவ போயி அஞ்சு நாளாச்சாம். எவ்வளவு தேடியும் என்னைப் பிடிக்க முடியலயாம். அடக்கம் பண்ணிட்டாங்க."

அஞ்சு நாள். அத்தனை நாளும் இவர் அவளுக்காக மலை ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எதுக்குங்க இந்தக் காலை வதைக்கிறீங்க? திரும்பிப் போறவங்க யாரும் நடக்கறதில்ல. உங்க ஊருக்கு ஒம்பது மணிக்குப் பஸ் இருக்கு. நானே ஏத்தி விடறேன்."

கொத்தனார் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"பஸ்ஸுல போனா இன்னைக்கே வீடு வந்துடுமேம்மா."