கப்பல் ஏறிய மோழைக் கிடா

கொட்டகை மூலையில் இருந்த உண்ணி மருந்து டின்னைக் கண்டாலே கொம்பில்லாத அந்த மோழைக் கிடாவுக்கு ஆகாது. போன தடவை குளிப்பாட்டியபோது கண் எரிந்ததை அது இன்னும் மறக்கவில்லை.

"நான் சீமைச் சரக்குடா தம்பி," என்று டின் பீற்றிக்கொண்டது.

"அந்தச் சீமையில ஒரு ஆட்டு மேலயும் உன்னை ஊத்தக் கூடாதாமே? சட்டமாமே?"

"ஊத்தத்தான் கூடாது. செஞ்சு வெளிநாட்டுக்கு விக்கலாம்."

"நல்லா இருக்குடா உங்க நியாயம்!"

மறுவாரம் அதே சீமையின் விருந்துக்குக் கறியாகக் கிடாவையே கப்பலேற்றினார்கள். ஆடு பளபளவென்று இருக்கட்டுமே என்று, புறப்படும் அன்று முதலாளி அதே மருந்தால் இன்னொரு தடவை குளிப்பாட்டினார். கிடா வழியெல்லாம் டின்னைத் திட்டிக்கொண்டே போனது.

சீமைத் துறைமுகத்தில் அதிகாரி இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு அலறினார். "ஐயையோ, விஷ மருந்து! இந்தக் கறி எங்கள் ஜனங்களுக்கு ஆகாது. திருப்பி அனுப்புங்கள்!"

வந்த கப்பலிலேயே கிடா உயிரோடு ஊர் திரும்பியது. பக்கத்தில் அந்தச் சீமையின் புது மருந்து டின்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

அடுத்த கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டதும், கிடா பழைய டின்னை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"அண்ணே, கண் எரிஞ்சாலும் பரவாயில்லைண்ணே. இந்தத் தடவை கொஞ்சம் தாராளமா ஊத்துங்க."