விஷப்பல்லும் பூவன் பழமும்

விழுங்கிவிட்டாள்.

தூரிகையை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நுனியில் ஒன்றுமில்லை.

பேராசிரியர் கற்றுக்கொடுத்த முறைதான். தூரிகை நுனியை நாக்கில் நனைக்க வேண்டும். சலித்த மண்ணில் கிடக்கும் புதைபடிவப் பல் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். தூக்கிக் கண்ணாடித் தகட்டில் வைக்க வேண்டும்.

நனைத்தாள். ஒட்டியது. தூக்கினாள். ஈரம் போதவில்லை என்று தோன்றியது. கை அதுபாட்டுக்கு வாய்க்குப் போய்விட்டது.

சனியன் பிடித்த கை.

ஆறு வருடம். எத்தனை மூட்டை மண்! கிடைத்தது இந்த ஒன்றுதான். அரை அரிசி அளவு. நடுவில் விஷம் இறங்குகிற துளை. பல கோடி வருடங்களுக்கு முன்பே பாம்புக்கு விஷம் இருந்தது என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி. இன்னும் படம்கூட எடுக்கவில்லை.

காலையில்தான் பேராசிரியருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாள். நாளை மறுநாள் வருகிறார்.

ஆய்வக உதவியாளர் தெய்வசிகாமணியிடம் சொல்லி அழுதாள். அவர் நெடுநேரம் யோசித்தார்.

"அப்போ இது பாம்பு கடிச்சதுல சேருமா மேடம்?"

அழுகையிலும் சிரிப்பு வந்து தொலைத்தது. ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கிவரச் சொன்னாள்.

மாலையில் ஆய்வகச் சுவரின் ஆணியிலிருந்து மிகச் சன்னமான சல்லடையை எடுத்துப் பையில் வைத்தாள்.

"அதைத் திரும்பக் கொண்டுவர வேணாம் மேடம். புதுசு வாங்கிக்கலாம்."

மறுநாள் ஒன்றுமில்லை.

அதற்கடுத்த நாள் விடியற்காலையில் அவள் குளியலறையில் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

ஏழு முறை கழுவினாள்.

பத்து மணிக்குப் பேராசிரியர் வந்தார். நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"எவ்வளவு சுத்தமா வந்திருக்கு! எந்த ஆசிட்லம்மா போட்டே?"

"லேசான ஆசிட்தான் சார்."

"சபாஷ். மறுபக்கத்தையும் பாத்துடுவோம்."

அவளுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆறு வருடம் வீண்போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பேராசிரியர் தூரிகையை எடுத்தார். நாக்கில் நனைத்தார். பல்லைத் தொட்டுத் தூக்கினார்.

ஈரம் போதவில்லை போலிருக்கிறது.

வாசலில் நின்ற தெய்வசிகாமணி பையை எடுத்துக்கொண்டு பழக்கடைக்குக் கிளம்பினார்.