முதல் பக்கத்துக் கொலைகாரன்

நூலகர் துப்பறியும் நாவலை டீச்சரின் மேஜையில் தொப்பென்று போட்டார்.

"வருஷம் முழுக்க, மாசத்துக்கு ஒரு வகைப் புத்தகம்னு வாசிப்புப் போட்டி வச்சீங்களே, லட்சணத்தைப் பாருங்க. பத்துப் பிரதியிலயும் முதல் பக்கத்துலயே 'கொலைகாரன் டாக்டர்'னு எவனோ கிறுக்கி வச்சிருக்கான். இனிமே எவன் மெனக்கெட்டுப் படிப்பான்? நான் இந்த வயசுல உங்க போட்டியில சேர்ந்து, ஒரு வரி விடாம படிக்கலையா?"

"கிறுக்கினது நான்தான் சார்."

"நீங்களா? உங்களுக்கு ஏன் டீச்சர் இந்த வேலை?"

"முடிவு வரைக்கும் யார் படிக்கிறாங்கன்னு பார்க்கத்தான். நாவல்ல கொலை பண்ணது சமையல்காரன்."

நூலகர் அவசரமாக நாவலின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

டீச்சர் போட்டிக்கு வந்திருந்த விமர்சனத் தாள்களைப் புரட்டினார். "இருபத்தோரு பேர் டாக்டர்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுல ஒண்ணு உங்களோடது சார்."